பேசினில் முளைத்த ஊசிமிளகாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க வாஷர்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதைச் சிவப்பு டிரேயிலும் போடுவேன். வீட்டுக்கு வந்தாலும் கண் ஓயாது. தோசையின் ஓரம் பிய்ந்திருந்தால் கை தானாக அதை ஒதுக்கி வைக்கும். "இன்னாமே, இதுவும் ரிஜெக்டா?" என்பார் என் வீட்டுக்காரர். அவரும் சிப்காட்டில்தான், வேறு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

நாங்கள் வாடகைக்கு இருப்பது முதல் மாடி. கீழே வீட்டுக்காரம்மா. முட்டி வலி அதிகமாகி, குந்தி எழுந்திருக்க முடியாமல் போனபோது, அவர் தன் வீட்டுக் கழிப்பறையை இடித்து, நாற்காலி போல உட்காரும் வகையில் மாற்றிக் கட்டினார். எதையும் தூக்கிப் போட அவருக்கு மனம் வராது. பெயர்த்தெடுத்த பழைய பீங்கான் பேசினை, உடைந்த ஜல்லி, மண்ணோடு சேர்த்து மொட்டைமாடி மூலையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். "எதுக்குனா ஒதவும்" என்றார். ஒரு பழைய கக்கூஸ் பேசின் எதற்கு உதவும் என்று கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். பேசினில் மண் நிறைந்திருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. சின்னச் சின்ன இலை, நிறைய கிளை. கிளை நுனியெல்லாம் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள், அத்தனையும் வானத்தைப் பார்த்து நின்றன. நான் வைக்கவில்லை, வீட்டுக்காரம்மாவும் வைக்கவில்லை. போட்டோ எடுத்துக் கம்பெனியில் காட்டினால், நாகர்கோவில் பக்கத்துத் தோழி ஒருத்தி, "அய்யோ, காந்தாரி மிளகாய்!" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் என் மாமியார் பழவேற்காட்டுக்கு அப்பாலிருக்கும் அவர் மீனவர் குப்பத்திலிருந்து எறா, அதாவது இறால், எடுத்துக்கொண்டு வந்தார். நேராக மாடிக்குக் கூட்டிப்போனேன்.

"ஐய, ஊசி மொளகா! எங்க ஊருல வேலி ஓரமா தானா மொளைக்கும்" என்றார். தலைக்கு மேலே டிஷ் ஆன்டெனாவைக் கையால் காட்டினார். "அதுமேல கொண்டைக் குருவி குந்தினு இருக்கும் பாரு. பயத்த துன்னுட்டு எச்சம் போட்டிருக்கும். அதுங்களுக்குக் காரமே தெரியாது." பிறகு பார்வை கீழே இறங்கியது. "ஆமா, இது இன்னா சட்டி? எங்கியோ பாத்த மாதிரி கீது."

சொன்னேன். பறிப்பதற்கு நீட்டிய கையை மாமியார் மெதுவாகப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். "நீ இன்னா வேணா சொல்லு. நான் துன்ன மாட்டேன்."

"மாசக்கணக்கா மழையில ஊறி, வெயில்ல காஞ்சி கீது. நம்ம ஊட்டு தட்டவிட சுத்தமா கீது" என்றேன்.

"சுத்தமா இருக்கட்டும். எனக்கு மனசு ஒப்பல."

எனக்கோ அந்தச் செடியை விட மனமில்லை. பிறந்து வளர்ந்தது திருவாலங்காட்டுப் பக்கம், அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மகள் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று என்னை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். அதனால் எனக்குத் துளசிகூட வளர்க்கத் தெரியாது. நான் ஒன்றும் செய்யாமலே என் தலைக்கு மேல் ஒரு செடி இத்தனை காய் காய்த்து நின்றது ஒரு கர்வத்தைக் கொடுத்துவிட்டது. சரி, பேசினில் இருப்பது வேண்டாம் என்றால் அதன் விதையை எடுத்து மரியாதையான பாத்திரத்தில் வளர்ப்போம் என்று முடிவு செய்தேன்.

பழுத்த பழங்களைப் பறித்துக் காயவைத்துக் கையாலேயே நசுக்கினேன். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தேன். அன்று சாயங்காலம் முழுக்க ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காய்கறி வெட்டி, சோறு வடித்து, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது என் வீட்டுக்காரர்தான்.

காலித் தயிர் டப்பாக்களில் மண் போட்டு விதைத்தேன். ஒன்றும் வரவில்லை. கடையில் வாங்கும் மிளகாய் என்றால் ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடும். இது காட்டுச் சரக்கு, யாருக்கும் அடங்காது போலிருக்கிறது. மறுபடியும் விதைத்தேன், இந்த முறை புளித்த மோரில் ஊறவைத்து. தினமும் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பிறகும் டப்பாவைக் குனிந்து பார்ப்பேன். மண் மட்டும் என்னைப் பார்க்கும்.

"குருவி வயித்துக்குள்ள பூந்து வந்தாதான் மொளைக்கும் போல. நீ வேணா போய் குருவியாண்ட பேசிப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

வெறுத்துப்போய் டப்பாக்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். தொட்டி கசிந்த ஈரத்தில், நான் மறந்தே போன பிறகு, அவை முளைத்தன. பச்சை நூலை வளைத்து நட்டதுபோல ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு, மூன்று. படியில் தடதடவென்று இறங்கி வந்து, தூங்கிக்கொண்டிருந்த மனிதரை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர். "குருவி ஒத்துக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் இடத்திலிருந்து காலி பெயின்ட் பக்கெட்டுகள் கிடைத்தன. ஸ்குரூடிரைவரைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டோம். ஓட்டை அடையாமலிருக்க உடைந்த ஓடு, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் செம்மண்ணும் மக்கிய சாணமும் மணலும் கலந்தது. கன்றுகளை எடுத்து நட்டோம். அப்போதுதான் வீட்டுக்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"இன்னாம்மா இது, மாடியெல்லாம் தொட்டி? தண்ணி எறங்கி ஒழுகுச்சின்னா இன்னா பண்றது?"

"ஒழுகுனா மொதல்ல எங்க தலையிலதான ஆன்ட்டி ஒழுகும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரம்மாவுக்கு அது நியாயமாகப்பட்டது. பக்கெட்டுகளுக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இறங்கிப்போனார். போகும்போது பேசினை ஒருமுறை பார்த்து, "நான் சொன்னேன்ல, எதுக்குனா ஒதவும்னு" என்றார்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்தப் பக்கெட்டுகளோடுதான். ஆசையில் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினேன். இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பயந்து நிறுத்தினேன், மதியத்தில் துணி மாதிரி தொங்கியது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம் என்பது பல இலைகளைப் பறிகொடுத்த பிறகு புரிந்தது. காற்று சிப்காட் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் இலைமேல் கரும்பொடி படியும். பழைய பனியனை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். சித்திரை வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்தது. பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடுத்தேன். நுனி இலைகள் சுருண்டு கோணிக்கொண்டபோது புளித்த மோரும், சோப்புத் தண்ணீரில் கலக்கிய வேப்பெண்ணெயும் மாற்றி மாற்றித் தெளித்தேன். மாடி முழுக்க ஒரு மணம். வீட்டுக்காரம்மா துணி காயப்போட மேலே வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒரு வழியாகக் காய்த்தது. காய் சிவக்க ஆரம்பித்ததும் கொண்டைக் குருவிகள் வந்துவிட்டன. நான் கம்பெனி பஸ் ஏறியதும் அவற்றுக்கு நாஷ்டா நேரம். சாயங்காலம் வந்து பார்த்தால் காம்பு மட்டும் நிற்கும். மாமியாரிடம் போனில் புலம்பினேன். அடுத்த முறை வரும்போது ஒரு பழைய வலையைக் கொண்டுவந்து பக்கெட்டுகள்மேல் போர்த்திவிட்டார். அது நண்டு வலை, கண் பெரியது. குருவி தலையை நீட்டி, உடம்பை நுழைத்து, உள்ளே போய் நிதானமாகத் தின்றுவிட்டு வந்தது. "நண்டுன்னா மாட்டியிருக்கும்" என்றார் மாமியார். பிறகு கண் நெருக்கமான எறா வலை வந்தது. அதன்பிறகு ஒரு உடன்பாடு ஏற்பட்டது. பக்கெட்டுகள் வலைக்குள்ளே, எங்களுக்கு. பேசின் வெளியே, குருவிகளுக்கு.

பக்கெட் மிளகாயைப் போட்டு மாமியார் முதன்முதலாக நண்டுக் குழம்பு வைத்தார். அவர் காரத்துக்குப் பெயர் போனவர். ஒரு வாய் சாப்பிட்டார். மூக்கில் தண்ணீர், நெற்றியில் வியர்வை. "இன்னா அத்தே, காரமா?" என்றேன். "சேச்சே, இதெல்லாம் ஒரு காரமா?" என்றவர், எழுந்துபோய் அடுப்படியில் வெல்லத்தைத் தேடினார்.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை, பொன்னேரியில் மருந்துக் கடையில் வேலை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும் வாய். ஏற்கெனவே வந்த ஒருவரிடம், "நீங்க சொன்ன சம்பளத்துல பாதி பொய்தான?" என்று கேட்டு அனுப்பியவள். இந்த முறை மாப்பிள்ளை வீடு வேப்பம்பட்டு. திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். குப்பம்வரை வந்துபோவது அவர்களுக்குச் சிரமம் என்பதால், பெண் பார்ப்பதை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்தார்கள். "வழி தெரிஞ்சிதாங்க?" என்று மாமியார் கேட்க, மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் கஸ்டமில்ல. பேசின் பிரிட்ஜ் டேசன்ல எறங்கி வண்டி மாறுனோம்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். நாத்தனார் உள் அறையிலிருந்து இருமினாள்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. "புள்ளைங்க ரெண்டும் தனியா பேசட்டுமே" என்றார் மாமா. எங்கள் வீட்டில் தனி என்று சொல்ல மொட்டைமாடியைத் தவிர வேறு இடம் கிடையாது. இருவரும் மேலே போனார்கள்.

அங்கே நடந்ததை இருவரும் பின்னால் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போனது.

மாப்பிள்ளைக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். மூலையில் செடி சிவப்பாகக் காய்த்து நின்றது. பேச்சுக்கு ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷத்தில், "அட, ஊசி மொளகா! காரம்னா எனக்கு உசுரு" என்று சொல்லிக்கொண்டே, வலை போடாத செடியிலிருந்து ஒரு கொத்துப் பறித்து வாயில் போட்டு மென்றார்.

"தடுக்கணும்னுதான் வாயத் தொறந்தேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "ஆனா இன்னா ஆவுதுன்னு பாக்கணும்போல இருந்திச்சி."

முதலில் புன்னகை அப்படியே நின்றது. பிறகு காது சிவந்தது. பிறகு விக்கல். தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து வாயை வைத்துக் குடித்தார். தண்ணீர் காரத்தை வாய் முழுக்கப் பரப்பிவிட்டது. கண்ணில் ஓடுவதைக் கையால் துடைத்தார், மிளகாய் பறித்த அதே கையால். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்குமென்று.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கேட்டாள்: "நீங்க பறிச்சீங்களே, அது இன்னா தொட்டின்னு பாத்தீங்களா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, பிளம்பரோடு எத்தனை வீட்டில் வேலை பார்த்திருப்பார். உடனே புரிந்துவிட்டது.

"புதுசா..." விக்கல். "...ஊஸ் பண்ணதா?"

"கீழ் ஊட்டுக்காரம்மா குடும்பமே ஊஸ் பண்ணது."

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து, விக்கலுக்கு நடுநடுவே சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. கீழே இருந்த எங்களுக்கு அந்தச் சத்தம் சிரிப்பாகக் கேட்கவில்லை.

அவர் படியிறங்கி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பின்னால் நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "இன்னாடா கண்ணு, அயுதியா? இன்னாம்மா சொன்ன எம்புள்ளய?"

"எம்பொண்ணு அப்பிடியெல்லாம் எதும் சொல்ல மாட்டா" என்று மாமியாரும் எழுந்தார். சொல்லியிருப்பாளோ என்ற பயம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

மாப்பிள்ளை பேச வாயைத் திறந்தார். விக்கல்தான் வந்தது. கையை ஆட்டினார். மாமா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "நைனா, மனசுல வேற யார்னா இருந்தா இப்பவே சொல்லிடு. இவங்களயும் பேஜாரு பண்ணக் கூடாது."

"யாரும்..." விக்கல். "...இல்ல மாமா!"

இரண்டு தாய்மார்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அப்போதுதான் மாப்பிள்ளையின் மேல் உதட்டில் ஒட்டியிருந்த வெளிர்மஞ்சள் விதை என் கண்ணில் பட்டது. வாஷரில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண் அல்லவா.

"மொளகா துன்னீங்களா?" என்றேன்.

தலையை வேகமாக ஆட்டினார். உள்ளே ஓடித் தயிர்க் கிண்ணத்தை எடுத்துவந்து கொடுத்தேன். கிண்ணத்தோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு நாத்தனார் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், எந்தத் தொட்டி என்பது உட்பட. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். "எங்க, அந்தச் செடிய நான் பாக்கணும்."

எல்லோரும் ஊர்வலமாக மாடி ஏறினோம். அவர் பேசினைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மகனுக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. அவ்வளவுதான், அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்ண புடிக்காமதான் அயுதுகினு வரான்னு நெனச்சி என் ஈரக்கொலையே நடுங்கிட்சி" என்றார். பிறகு வலைக்குள் இருந்ததைக் காட்டி, "எனக்கு ஒரு கன்னு வேணும். இதுலேர்ந்து வோணாம், அந்த பக்கெட்ல கீதே, அத்த குடு" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நாத்தனாரிடம், "இன்னா சொல்ற?" என்று அவள் அண்ணன் கேட்டார்.

"சரின்னு சொல்லிடு" என்றாள். "மூக்கு ஒயுவும்போதே சிரிக்கிறாரு. என் வாய்க்கு இப்பிடி ஒரு ஆளுதான் செட் ஆவும்."

பொன்னேரியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மறுவாரம் சீர்ப் பாத்திரங்கள் வேனில் போயின. மாப்பிள்ளையின் அம்மா கேட்ட மிளகாய்ப் பக்கெட்டை மட்டும், வேனில் சாய்ந்துவிடும் என்று, நானும் வீட்டுக்காரரும் ரயிலிலேயே கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னல் ஓரம் கிடைத்தது. செடிக்கு. நாங்கள் நின்றுகொண்டு போனோம். எதிர்சீட்டுப் பெரியவர் ஒருவர் வழியெல்லாம் செடியையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார்.

வேப்பம்பட்டில் அந்தச் செடி சம்பந்தியம்மாவின் கைக்குப் போனது. அதிலிருந்து எனக்கு வீடியோ கால்தான். திடீரென்று திரை முழுக்க ஓர் இலை தெரியும். "பாரும்மா, சுருண்டுகினு கீது. இன்னா பண்றது?" நான் மோர் என்பேன், வேப்பெண்ணெய் என்பேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில்கூட இலை வைத்தியம்தான்.

சில மாதம் கழித்து நாத்தனாரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் செடிகள் இடுப்புவரைகூட வரவில்லை. இது என் தோளைத் தொட்டது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. எங்கே குறை இருக்கிறது என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. வயிறு எரிந்தது.

"இன்னா போடுறீங்க இதுக்கு?" என்றேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"வேற இன்னா, மீன் கயுவுன தண்ணிதான்" என்றார் சம்பந்தியம்மா. "நீ மீன்காரங்க ஊட்டு மருமவ. உனக்குத் தெரியாதா இன்னா?"

தெரிந்தது மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். மாமியார் கொண்டுவந்து குவிக்கும் எறாவையும் மீனையும் கழுவிய தண்ணீரை அத்தனை நாளும் சாக்கடையில் ஊற்றியவள் நான். மறுநாளே எல்லாப் பக்கெட்டிலும் தாராளமாக ஊற்றினேன். வேலைக்குப் போய்விட்டு வந்து படியேறினால், மாடியில் தெருப் பூனைகள் அத்தனையும் கூடியிருந்தன. ஒன்று வலையை விலக்கிப் பக்கெட்டில் கால் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டு, இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தார்.

"தண்ணி கலக்கி ஊத்தணும் போல ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே, அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே ஓடினேன்.